குரோமியக் கழிவுநீருக்கு பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னைப் புறநகரில் குரோம் பிளேட்டிங் (குரோமிய முலாம் பூசும்) பட்டறை நடத்துகிறார். அவருடைய மச்சானுக்கு வாணியம்பாடியில் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை. இரண்டு இடத்துக்கும் ஒரே ஆள் வந்து, "குரோமியத்தைத் தின்கிற பாக்டீரியா" என்று ஒரு பவுடர் பாக்கெட்டைக் காட்டியிருக்கிறார். ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டியில் வாரம் ஒரு கிலோ போட்டால் போதுமாம். வாங்கலாமா? கூடவே இன்னொரு சந்தேகம்: பட்டறைக்குப் பின்னால் இருக்கும் போர்வெல்லில் தண்ணீர் லேசாக மஞ்சளாக வருகிறது, அதிலும் இதைப் போடலாமா?

மச்சான் வாங்க வேண்டாம். உங்களுக்கும் அனேகமாக வேண்டாம். போர்வெல்லில் கண்டிப்பாகப் போடாதீர்கள். ஆனால் அந்த ஆள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் பதில் நீள்கிறது.

எந்த பாக்டீரியாவும் குரோமியத்தைத் தின்னாது. குரோமியம் ஒரு தனிமம். சாக்கடையில் போகும் சோற்றுக்கஞ்சியை பாக்டீரியா தின்றால் அது கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடும். குரோமியத்துக்கு அப்படிப் போக வழியே இல்லை. ஒரு கிலோ உள்ளே வந்தால், அந்த ஒரு கிலோ தண்ணீரிலோ கசடிலோ மண்ணிலோ இருந்தே தீரும். பாக்டீரியாவால் முடிவது அதன் நிலையை மாற்றுவது மட்டும்தான்.

குரோமியத்துக்கு நமக்கு வேண்டிய நிலைகள் இரண்டு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மஞ்சளாக இருக்கும், தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) எதுவானாலும் கரையும், மண்ணுக்குள் தண்ணீரோடு தண்ணீராக ஓடும். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட பொருள். மூன்று இணைதிறன் கொண்டது பச்சை அல்லது நீலப் பச்சையாக இருக்கும், நச்சு பல மடங்கு குறைவு. தண்ணீர் நடுநிலைக்கோ லேசான காரத்துக்கோ வந்தால் ஹைட்ராக்சைடாகி அடியில் படிந்துவிடும். நம் நாட்டில் ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீருக்கு வைத்திருக்கும் வரம்பே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது: மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராம் வரை.

பாக்டீரியா செய்வது ஆறை மூன்றாக்குவது. குரோமிய அணு ஒவ்வொன்றுக்கும் மூன்று எலக்ட்ரான் கொடுக்கிறது, அவ்வளவுதான் வேலை. எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக இருக்கிறது. நடுவில் ஒரு குரோமியம், சுற்றி நான்கு ஆக்சிஜன். சல்பேட்டும் அச்சு அசலாக அதே உருவம், குரோமியத்துக்குப் பதில் கந்தகம். பாக்டீரியாவுக்கு கந்தகம் தேவை, ஆகவே சல்பேட்டை உள்ளே இழுக்க அதன் தோலில் தனி வாசல் உண்டு. குரோமேட் வந்து நின்றால் சல்பேட் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போன குரோமேட் அரைகுறையாகக் குறைந்து, ஐந்து இணைதிறனாகி, மறுபடி ஆறாகி, ஒவ்வொரு சுற்றிலும் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும். பெரும்பாலான பாக்டீரியா இதில்தான் சாகும். மனித செல்லிலும் இதே கதைதான்.

பிழைப்பவை இரண்டு வழியில் பிழைக்கின்றன. சிலவற்றில் குரோமேட்டை வாரி வெளியே தள்ளும் பம்பு புரதம் உண்டு. அது பாக்டீரியாவைக் காப்பாற்றும், தண்ணீரைச் சுத்தம் செய்யாது. மற்றவற்றிடம் இருக்கும் நொதி எலக்ட்ரான்களைத் தவணை முறையில் கொடுக்காமல் ஏறக்குறைய ஒரே மூச்சில் கொடுத்து, அபாயமான ஐந்தாம் நிலையைத் தாண்ட வைக்கிறது. நமக்கு உதவுவது இந்த இரண்டாம் வகை. வேடிக்கை என்னவென்றால், அந்த நொதிகளில் பலவற்றுக்கு உண்மையான வேலை வேறு ஏதோ. குரோமேட் குறைவது வந்த இடத்தில் நடக்கும் உபரி வேலை.

இந்தத் திறமை அபூர்வமும் அல்ல. 1977-லேயே சோவியத் ஆய்வாளர்கள் சாக்கடைக் கசடிலிருந்து குரோமேட்டைக் குறைக்கும் ஒரு சூடோமோனாஸைப் பிரித்துக் காட்டினார்கள். 1980-களின் இறுதியில் ஜப்பானில் இன்னொன்று, என்டரோபாக்டர் இனம், அதுவும் கழிவுநீர் நிலையத்துக் கசடிலிருந்துதான். அப்புறம் பேசில்லஸ், ஓக்ரோபாக்ட்ரம், ஷெவனெல்லா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. குரோமியம் பட்டுப் பட்டுப் பழகிய கசடு எதை எடுத்துத் தேடினாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். பாக்கெட்டில் வாங்க வேண்டிய அவசியம் பற்றி இதிலிருந்தே ஒரு முடிவுக்கு வரலாம்.

சரி, மச்சான் விஷயம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பேசிக் குரோமியம் சல்பேட். அது மூட்டையிலேயே மூன்று இணைதிறன்தான். வெட் புளூ எனப்படும், குரோமியம் ஏற்றிய ஈரத் தோலின் நீலம் அதனுடையது. ஆக, பாக்டீரியா செய்யக்கூடிய ஒரே வேலை அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது. எதைக் குறைக்கும்? தோல் ஷாப் கழிவுநீருக்கு பாக்டீரியா தேவையே இல்லை என்று சொல்லவில்லை. காற்றூட்டும் தொட்டியில் புரதத்தையும் கொழுப்பையும் தின்பது அவைதான், கோடானுகோடி பாக்டீரியா அங்கே ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது குரோமியத்துக்கான சிகிச்சை இல்லை.

மச்சானுக்கு வேண்டியது குரோம் மீட்பு. வழக்கமான முறையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரோடு வெளியே வருகிறது. லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம், காசு கொடுத்து வாங்கிய சரக்கு. அந்தக் குரோம் தண்ணீரை மட்டும் மற்ற கழிவோடு கலக்காமல் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச்.சை எட்டுக்கு மேலே கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரை இறக்கிவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பேசிக் குரோமியம் சல்பேட். புதுச் சரக்கோடு கலந்து அடுத்த டிரம்முக்குப் போகும். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்த் தோல் ஷாப்புகளுக்கு ஏற்றபடி வகுத்துக் கொடுத்த வழி இது. எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விட்டுவிட்டு, கலந்தபின் பிரிக்க வழி தேடுவதுதான் நான் பார்த்த இடங்களில் நடக்கும் அடிப்படைத் தவறு. (ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. வேறு பிரச்சினைகள் இருந்தன. அந்தத் தண்ணீரும் குடிநீர் இல்லை.)

இப்போது உங்கள் பட்டறை. உங்களுடையது குரோமிக் அமிலம், அசல் ஆறு இணைதிறன். பாக்டீரியாவுக்கு இங்கே வேலை உண்டு, கோட்பாட்டில். முதல் தடை செறிவு. ஹார்டு குரோம் (தடித்த குரோம் முலாம்) தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் என்பது வழக்கமான அளவு. அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். அமிலமும் கடுமை. அதில் எந்த பாக்டீரியாவும் ஒரு நிமிடம் தாங்காது. ஆகவே பேச்சு கழுவு நீரைப் பற்றி மட்டும். அதில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமிலிருந்து சில நூறு வரை இருக்கலாம். பழகிய பாக்டீரியா இதைத் தாங்கும், ஆனால் செறிவு ஏற ஏற வேலை மந்தமாகும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கழுவு நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டரில் 50 கிராம் குரோமியம். அதற்கு வேண்டிய எலக்ட்ரான்களை வெல்லத்திலிருந்து எடுத்தால், காகிதத்தில் சுமார் 20 கிராம் வெல்லம் போதும். ஆச்சரியமாக இருக்கும். நடைமுறையில் இதைப்போல் பல மடங்கு வேண்டும், ஏனென்றால் பாக்டீரியா வெல்லத்தைத் தன் உடம்பை வளர்க்கவும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கவும்தான் முதலில் செலவழிக்கும். அதே வேலையை அன்னபேதியால், அதாவது ஃபெரஸ் சல்பேட்டால் செய்தால் கணக்குப்படியே 800 கிராம் வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு போட்டதும் இரும்பும் சேர்ந்து படிவதால் காய்ந்த கசடு 400 கிராமைத் தொடும். பாக்டீரியா வழியில் வரும் குரோமியம் ஹைட்ராக்சைடு 100 கிராம்தான், கூடச் செத்த பாக்டீரியா கொஞ்சம். ஆய்வுக் கட்டுரைகள் உயிரியல் முறை மலிவு, கசடு குறைவு என்று புகழ்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கு சரி.

ஆனால் பட்டறைக்காரர் அன்னபேதியோடு மட்டும் ஒப்பிட வேண்டியதில்லை. சோடியம் மெட்டாபைசல்பைட் இருக்கிறது. கழுவு நீரை பி.எச். இரண்டு மூன்றுக்கு இறக்கி அதைப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம் மாறிப் பச்சையாகிவிடும். அப்புறம் காரம் சேர்த்து எட்டு, எட்டரைக்கு ஏற்றினால் படியும். இரும்புக் கசடும் இல்லை. பாக்டீரியாவுக்கு அதே வேலைக்கு மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. அதற்கேற்ற பெரிய தொட்டி, தினமும் தீனி, நடுநிலை பி.எச்., ஞாயிற்றுக்கிழமையும் கவனிக்க ஆள். தொட்டியில் யாராவது தவறுதலாகக் குரோமிக் அமிலத்தைக் கொட்டினால் அத்தனையும் ஒரே இரவில் செத்து, மறுபடி வளர்த்தெடுக்கப் பல வாரம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் லிட்டர் விடும் பட்டறைக்கு இது வேண்டாத வீட்டு விலங்கு. தினமும் பெரிய அளவில், ஒரே சீராக, சர்க்கரை ஆலையோ சாராய ஆலையோ பக்கத்தில் இருந்து தீனி சும்மா கிடைக்கும் இடமென்றால் நானே வேறு மாதிரி எழுதுவேன்.

உங்களுக்கு என் யோசனை, தொட்டியிலிருந்து எடுத்த பொருளை மேலேயே கொஞ்ச நேரம் சொட்ட விடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கழுவு தொட்டி வைத்து, தண்ணீரைப் பொருள் வரும் திசைக்கு எதிராக ஓட்டுங்கள். முதல் கழுவு தொட்டித் தண்ணீரை, ஆவியாகிக் குறைந்த பிளேட்டிங் தொட்டிக்கே திரும்ப ஊற்றலாம். மிச்சத்துக்கு மெட்டாபைசல்பைட். பவுடருக்குக் கொடுக்கும் காசில் இதெல்லாம் முடியும்.

"ஆனால் அவர் என் கண்முன்னேயே பாட்டிலில் செய்து காட்டினாரே, மஞ்சள் தண்ணீர் ஒரே நாளில் வெள்ளையாகிவிட்டதே" என்று எழுதியிருந்தீர்கள். நானும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், இதே நாடகத்தைப் பார்த்தேன். இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் கழிவுநீர், மற்றதில் பவுடரும் கூட ஒரு "ஊட்டச்சத்துத் திரவமும்". மறுநாள் காலை இரண்டாவது பாட்டில் தெளிந்திருந்தது. ஆறு இணைதிறன் சோதனைக்கு டைபினைல்கார்பசைடு விட்டார்கள். முதல் பாட்டிலில் ஊதாச் சிவப்பு, இரண்டாவதில் ஒன்றும் இல்லை. கைதட்டல். நான் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, தெளிந்த தண்ணீரை வடிகட்டி மொத்தக் குரோமியம் பார்க்க முடியுமா? பார்த்தார்கள், பாதிக்கு மேல் தண்ணீரிலேயே இருந்தது. மூன்றான குரோமியம் அங்கிருந்த கரிமப் பொருள்களைப் பற்றிக்கொண்டு படியாமல் கரைசலாகவே நின்றுவிடும். நிறம் போனது, குரோமியம் போகவில்லை. இரண்டாவது, அந்தப் பவுடரை நன்றாகக் கொதிக்க வைத்து பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, அதே திரவத்தோடு மூன்றாவது பாட்டில் வைக்கலாமா? வைத்தோம். அதுவும் தெளிந்தது. கழிவுநீர் அமிலமாக இருந்தது. அமிலத்தில் சர்க்கரைப் பாகு போன்ற பொருள்களே குரோமேட்டைக் குறைத்துவிடும், உயிர் தேவையில்லை. பாக்டீரியாவுக்குக் கிடைத்த பாராட்டு அந்த "ஊட்டச்சத்துத் திரவத்தில்" இருந்த மொலாசஸுக்கு (சர்க்கரை ஆலைப் பாகுக்கு) போயிருக்க வேண்டும்.

உங்களிடம் வந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்த மூன்றாவது பாட்டில் இல்லாத எந்தச் சோதனையையும் நம்ப வேண்டாம்.

கசடைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த வழியில் செய்தாலும் கடைசியில் பச்சைக் கசடு உங்கள் கையில் இருக்கும். மூன்றாகிவிட்டது, இனி பயமில்லை என்று செங்கல் சூளைக்கோ குப்பையை எரிக்கும் இடத்துக்கோ அனுப்பினால், காற்றோடு சேர்ந்து சூடேறும்போது, அதுவும் சுண்ணாம்பு கலந்திருந்தால், மறுபடி ஆறாக மாறும். மண்ணில் உள்ள மாங்கனீஸ் ஆக்சைடும் மெதுவாக இதைச் செய்யும். சுத்திகரித்த நீரில் கடைசியாகக் குளோரின் போடும் பழக்கமும் மிச்ச மூன்றைக் கொஞ்சம் ஆறாக்கும். பல நாள் பட்ட பாட்டைக் கடைசிக் குழாயில் தொலைப்பது என்பது இதுதான். கசடு சும்மா கிடக்கும் மண் என்று நினைப்பதற்கு நம் ஊரே கொடுத்த விலை உண்டு. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

அப்படியானால் பாக்டீரியா எங்கேதான் உதவும்? தரைக்குக் கீழே. நிலத்தடி நீரில் கலந்த குரோமேட்டை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய, பம்பு போட்டுப் பல பத்தாண்டுகள் இறைக்க வேண்டும். அதற்குப் பதில் தீனியை உள்ளே அனுப்பினால், அங்கேயே வாழும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் காலி செய்து, குரோமேட்டை மூன்றாக்கி, மண்ணிலேயே படிய வைத்துவிடும். இதில் நொதிகள் மட்டும் வேலை செய்வதில்லை. சில பாக்டீரியா மண்ணில் உள்ள இரும்பைக் கரையும் இரும்பாக்கும், சில சல்பேட்டை சல்பைடாக்கும். அந்த இரும்பும் சல்பைடும் குரோமேட்டை உடனுக்குடன் குறைக்கும். அதாவது பாக்டீரியா தானே ஒரு சின்ன அன்னபேதி ஆலை நடத்துகிறது. தொட்டியில் தலைவலியாக இருந்த மந்தமும் இங்கே பிரச்சினை இல்லை. நிலத்தடி நீர் நகர்வதே ஆமை வேகம்.

அமெரிக்காவில் இது காகிதத்தோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற ஊரில் எரிவாயுக் குழாய் நிலையம் ஒன்று 1952 முதல் 1966 வரை, குளிர்விக்கும் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம் கலந்து, அந்தத் தண்ணீரைச் சாதாரணக் குட்டைகளில் விட்டது. 1996-ல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. குரோமியம் மண்ணுக்குள்ளேயே இருந்தது. பின்னால் வரிசையாகக் கிணறு போட்டு எத்தனால் செலுத்தி, உள்ளூர் பாக்டீரியாவைக் கொண்டே குறைத்தார்கள். வெளியிலிருந்து பாக்டீரியா எதுவும் கொண்டுவந்து ஊற்றவில்லை, கவனியுங்கள். வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு அணு உலை வளாகத்திலும், பாக்டீரியாவுக்குத் தீனியாகும் லாக்டேட்டை (லாக்டிக் அமில உப்பை) மெதுவாக வெளியிடும் பொருளைச் செலுத்தி இதையே சோதித்தார்கள். பக்கவிளைவு இல்லாமலில்லை. ஆக்சிஜன் போனதும் மண்ணிலிருந்து இரும்பு, மாங்கனீஸ், சில இடத்தில் ஆர்சனிக் கரைந்து வரும். கிணற்றின் சல்லடை பாசிபோல் அடைத்துக்கொள்ளும். தொடர்ந்து கண்காணிக்க ஆளும் பணமும் வேண்டும்.

நமக்கு ஹிங்க்லி தேட வேண்டியதில்லை, ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே குரோமேட் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கசடைத் திறந்த வெளியில் விட்டுவிட்டுப் போனது. மழைக்கு மழை அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அந்த இடத்து மண்ணிலிருந்தே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நிலத்தடி நீர் ஓடும் பாதையில் உயிர்த் தடுப்பு போல நிறுத்தும் முறையைச் சோதித்தார்கள். அந்தப் பாதை சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேலே குவியல் இருக்கும்வரை கீழே எவ்வளவு தீனி கொடுத்தாலும் போதாது. இந்த வகைக் கசடு பொதுவாகக் கடும் காரம், அதற்குள்ளே பாக்டீரியாவை விட்டால் வளராது. முதலில் குவியலை மூடி மழைத்தண்ணீரைத் தடுக்க வேண்டும், அல்லது அகற்ற வேண்டும். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருக்க முடியாது.

உங்கள் போர்வெல்லுக்கும் அதுவே. பவுடரைக் கொட்டினால் குழாய்க்குள் அழுகி நாறும், மண்ணுக்குள் பரவாது. முதலில் அந்த மஞ்சள் என்னவென்று பாருங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். அடியில் துரு நிறத்தில் படிந்து மேலே தெளிந்தால் இரும்பாக இருக்கும். எதுவும் படியாமல் எலுமிச்சைச் சாற்றின் மஞ்சளில் பளிச்சென்று அப்படியே நின்றால் குரோமேட்டைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் ஆய்வகத்தில் கொடுத்து மொத்தக் குரோமியமும் ஆறு இணைதிறனும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் கண்ணுக்கு நிறமே தெரியாது. ஆகவே பக்கத்து வீட்டு போர்வெல் தெளிவாக இருக்கிறதென்று விட்டுவிடாமல் அதையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் யாரும் சமைக்க வேண்டாம். அப்படியே உங்கள் பிளேட்டிங் தொட்டிக்கு அடியில் தரை வெடித்திருக்கிறதா என்று இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள்.